உப்புநீர் மீன்தொட்டிக்கு எந்தத் தண்ணீர்?

உப்புநீர் மீன்தொட்டி வைக்க முடிவு செய்தவர்கள் கடையில் முதலில் விசாரிப்பது தொட்டியின் அளவை, பிறகு விளக்கை, பிறகு கோமாளி மீனின் விலையை. நான்கு பேர் சேர்ந்து தொட்டியைத் தூக்கிவந்து கூடத்தில் இறக்கி, அடியில் தெர்மோகோல் பலகையைச் சரிசெய்து முடித்த பிறகுதான் ‘தண்ணீர் எந்தக் குழாயில் பிடிப்பது?’ என்ற கேள்வி வருகிறது. நியாயமாக அதுவே முதல் கேள்வி. விளக்கையும் பம்பையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தண்ணீரோடு வந்த செம்பையும் பாஸ்பேட்டையும் பாறையும் மணலும் உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடும் என்பதால், முதல் நாள் ஊற்றிய தண்ணீரை முழுமையாகத் திரும்பப் பெறுவது கடினம்.

சென்னையில் ஒரு சாதாரண அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். அங்கே மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர், குடிப்பதற்குக் கேன், சமையலறைச் சுவரில் ஓர் ஆர்.ஓ. இயந்திரம் என ஐந்து வகைத் தண்ணீர் உண்டு. போதாததற்கு அரைமணி நேரத்தில் கடலும் இருக்கிறது. இத்தனை இருந்தும் எதையும் அப்படியே தொட்டியில் ஊற்ற முடியாது.

காரணம் உப்புப் பொட்டலத்தில் இருக்கிறது. மீன்தொட்டிக்கென்று விற்கப்படும் கடலுப்புக் கலவையில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட் முதலியவை அளவாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதைக் கரைத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 410 முதல் 420 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராமை ஒட்டிய மெக்னீசியமும், அதாவது கடலில் உள்ள அளவே, கிடைக்க வேண்டும். நாம் ஊற்றும் தண்ணீரில் வேறெதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். ஆகவே தண்ணீரோடு வருவதெல்லாம் கணக்குக்கு மிஞ்சியது. சமையல் உப்பை வாங்கிக் கரைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அதில் மேற்சொன்ன மற்ற உப்புகள் இல்லை என்பதோடு, கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கக்கூடும் என்பதால் அதை மறந்துவிடலாம்.

‘நாங்கள் குடிக்கிற தண்ணீர்தானே, மீனுக்கு ஆகாதா?’ என்று கேட்பார்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலான ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருள் (சுருக்கமாக டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது; வேறு வழியில்லாத ஊர்களில் 2,000 வரை அனுமதிக்கிறது. நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம் வரை இடமுண்டு. பவளம் வளர்க்கும் தொட்டியில் நைட்ரேட் 10-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவே நாம் படாத பாடு படுகிறோம். செம்புக்கு ஏற்கத்தக்க அளவு 0.05 மில்லிகிராம் என்றாலும், மாற்று இல்லாதபோது 1.5 வரை விட்டுக்கொடுக்கப்படுகிறது. உப்புநீர் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தனித்தொட்டியில் மருந்தாகப் போடும் செம்பே லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான், அந்த அளவை மீன் தாங்கும், இறாலும் நத்தையும் பவளமும் தாங்கா. மனிதனுக்குக் கேடில்லாத தண்ணீர் இறாலுக்கு நஞ்சாக இருக்க முடியும் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

இன்னொரு கணக்கையும் தொடங்கும் முன்பே போட்டுப் பார்ப்பது நல்லது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பும் மற்ற கரைபொருட்களும் உள்ளேயே தங்கிவிடும். நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியாகி, அதை 400 டி.டி.எஸ். உள்ள தண்ணீரால் ஈடுகட்டினால், தினமும் 800 மில்லிகிராம் வேண்டாத பொருள் தொட்டிக்குள் சேர்கிறது. ஓராண்டில் அது கிட்டத்தட்ட 290 கிராம். வாராவாரம் தண்ணீர் மாற்றுவதால் ஒரு பகுதி வெளியேறும் என்றாலும், மாற்றும் தண்ணீரும் அதே குழாயிலிருந்துதான் வருகிறதென்றால் தப்பிக்க வழியில்லை.

வீட்டில் கிடைக்கும் தண்ணீர்

மெட்ரோ தண்ணீர் பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம், வீராணம் ஏரிகளிலிருந்தும், கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளிலிருந்தும் வருகிறது. தென்சென்னையில் இருப்பவர் ஆலை பாடுபட்டு உப்பை நீக்கி அனுப்பிய கடல்நீரில் மறுபடியும் உப்பைக் கொட்டிக் கலக்குகிறார் என்பது வேடிக்கைதான். ஆனால் குழாய்களில் வந்துசேரும்போது அதில் குளோரின் இருக்கும், பழைய இரும்புக் குழாயின் துருவும் இருக்கும். பல அடுக்குமாடிகளில் அது தரையடிச் சம்பில் போர் தண்ணீரோடு கலந்துவிடுகிறது. அப்புறம் அதை மெட்ரோ தண்ணீர் என்று சொல்வது பெயருக்குத்தான்.

நன்னீர் மீன் வளர்த்தவர்கள் வாளியில் ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று சொல்வார்கள். தனிக் குளோரின் அப்படிப் போகும். தண்ணீரில் அம்மோனியா கலந்திருந்து அதோடு குளோரின் சேர்ந்தால் உண்டாகும் குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது. அதை முறிக்கும் கரிப் பில்டரோ மருந்தோ குளோரினை நீக்கி, அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவைக்கிறது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா, செம்பு ஆகியவற்றையோ எத்தனை நாள் பிடித்து வைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

போர் தண்ணீரில் குளோரின் இராது. கடினத்தன்மையும் நைட்ரேட்டும் சிலிக்காவும் தாராளமாக இருக்கும். புதுத் தொட்டியின் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூள்போலப் படரும் டயாட்டம் பாசிக்கு ஓடு கட்டிக்கொள்ளச் சிலிக்கா வேண்டும். புதுத் தொட்டியில் சில வாரம் இந்தப் பாசி வருவது இயல்பே. மாதங்கள் கடந்தும் துடைத்த மறுநாளே திரும்ப வந்தால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். லாரித் தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வந்தது என்பது ஓட்டுநருக்கே சில சமயம் தெரியாது என்பதால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

20 லிட்டர் கேன் பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர்தான். ஆனால் சுவைக்காகத் தாது சேர்க்கிறார்கள், அல்லது கொஞ்சம் மூலத் தண்ணீரைக் கலந்துவிடுகிறார்கள். ஒரே கடையில் வாங்கிய மூன்று கேன்களின் டி.டி.எஸ்.ஸை நான் அளந்தபோது 28, 61, 94 என்று மூன்று விதமாகக் காட்டின. அவசரத்துக்கு ஓரிரு கேன் ஊற்றலாம். அதை நம்பித் தொட்டி நடத்த முடியாது.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் அது 10, 15 என்று அருமையாகக் காட்டும். வீணாகிறதே என்று வாளியில் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. அந்தத் தண்ணீர் செம்புக் குழாயின் மீதும் அலுமினியத் தகட்டின் மீதும் குளிர்ந்து வழிந்து வந்தது. செடிக்கு ஊற்றுங்கள், இன்வர்ட்டர் பேட்டரிக்குக்கூட வேண்டாம். மொட்டைமாடியில் பிடித்த மழைநீரும் தளத்தில் பூசிய பெயின்ட், புறாவின் எச்சம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டே வருகிறது.

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது இல்லாமல் தொடங்கவே கூடாது. அதே சமயம் அதன் குறையையும் அறிந்திருக்க வேண்டும். மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதைக் கொண்டு கரைந்த உப்பின் மொத்த அளவை ஊகித்துச் சொல்லும் கருவி அது. எவ்வளவு என்று சொல்லுமே தவிர, என்ன என்று சொல்லாது. குளோரினை அதன் எண்ணைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது, சிலிக்காவும் பெரும்பாலும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும், ஏ.சி. தண்ணீரில் உள்ள சிறிதளவு செம்பு ‘10’ என்ற அந்த நல்ல எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

சமையலறை இயந்திரத்திலிருந்து பூஜ்யம் வரை

நாம் தேடும் தண்ணீர் ஆர்.ஓ. மெம்பரேன் (உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் சவ்வு) வழியே வந்து, அதன்பின் மிஞ்சிய உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் மணிகள் வழியாகவும் வடிந்த தண்ணீர். இதற்கென்றே மீன்தொட்டிக்காரர்களுக்குத் தனி இயந்திரங்கள் விற்கின்றன. 5 மைக்ரான் படிவுப் பில்டர், கரிப் பில்டர், மெம்பரேன், ரெசின் என்று நான்கு கட்டம். கரிப் பில்டரைக் காலம் கடத்தாமல் மாற்ற வேண்டும். குளோரின் பட்டால் மெம்பரேன் அரித்துப்போய்விடும். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மெம்பரேன் ஒழுங்காக வேலை செய்ய 50, 60 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து 10 மீட்டர் கீழே இறங்கி வரும் தண்ணீரின் அழுத்தமே சுமார் 14 பி.எஸ்.ஐ.தான். பூஸ்டர் பம்ப் இல்லாமல் மாட்டினால் சொட்டுச் சொட்டாக வரும், வருவதும் சுத்தமாக இராது. மேல்மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம்.

நம் வீட்டுக் குடிநீர் இயந்திரத்தில் பம்ப், கரி, மெம்பரேன் மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு டி.ஐ. கேட்ரிட்ஜ் மட்டும் வாங்கிச் சேர்த்தால் போதும். ஆனால் எங்கே சேர்ப்பது என்பதில்தான் தொல்லை இருக்கிறது. மெம்பரேனைத் தாண்டிய தண்ணீர் மிகச் சுத்தமாகவும் சப்பென்றும் இருக்கும் என்பதால், சுவை வரட்டும் என்று இயந்திரம் அதில் மறுபடியும் பலவற்றைச் சேர்க்கிறது. டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்ற சிறு திருகு மெம்பரேனுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுகிறது. தாதுக் கேட்ரிட்ஜ் கால்சியமும் மெக்னீசியமும் சேர்க்கிறது. இப்போது பரவலாக விற்கும் ‘காப்பர்’ வகை இயந்திரங்கள் செம்பையே வேண்டுமென்று கலக்கின்றன. செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம்பி வாங்கிய அந்த இயந்திரத்தின் குழாயிலிருந்து பிடித்த தண்ணீரில் இறாலை விட்டால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

என் முதல் தொட்டிக்குக் கடைக்காரர் ‘வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போதும், சார்’ என்றார். நானும் குழாயைத் திறந்து குடம் குடமாகப் பிடித்து ஊற்றினேன். மூன்று மாதம் பழுப்புப் பாசியைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்த பிறகுதான் மீட்டர் வாங்கினேன். சம்புத் தண்ணீர் 780. இயந்திரத்தின் குழாயில் 96. மூடியைக் கழற்றி டி.டி.எஸ். திருகை முழுதும் மூடியபோது 41. மெம்பரேனிலிருந்து வெளியேறும் கால் அங்குல வெள்ளைக் குழாயைக் கழற்றி நேரே அளந்தபோது 33. அதன்பின் டி.ஐ. கேட்ரிட்ஜை மாட்டினேன்: 0.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். மெம்பரேனின் சுத்த நீர்க் குழாயில், அடுத்த கேட்ரிட்ஜுக்குப் போவதற்கு முன்பாகவே, ‘T’ வடிவ இணைப்பு ஒன்றும் இரண்டு சிறு வால்வுகளும் போட்டு, ஒரு பக்கம் குடிநீருக்கும் மறுபக்கம் டி.ஐ. கேட்ரிட்ஜுக்கும் திருப்பிக்கொள்ளுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரமானால் மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டி.ஐ. பக்கம் திருப்பும்போது இயந்திரத்தின் சொந்தத் தொட்டி பாதியாவது காலியாக இருக்க வேண்டும். அது நிறைந்திருந்தால் உள்ளே உள்ள மிதவை பம்பை நிறுத்திவிடும், உங்களுக்கு ஒரு சொட்டும் வராது. நேர்மாறாக, உங்கள் டிரம் நிறைந்ததைச் சொல்ல எந்த மிதவையும் இல்லை. கைப்பேசியில் நேரம் வைத்துக்கொள்ளாமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தவர் வீட்டில் சமையலறை குளமாகும். இது எனக்கு ஒருமுறை நடந்தது, என் வீட்டில் அதை இன்னும் மறக்கவில்லை.

இயந்திரத்தைப் போட்டவுடன் வரும் முதல் சில நிமிடத் தண்ணீரில் டி.டி.எஸ். அதிகம் இருக்கும்; நிற்கும் நேரத்தில் மெம்பரேனின் இருபுறமும் ஓரளவு சமனாகிவிடுவதே காரணம். அதைக் குடிநீர்ப் பக்கமே விட்டுவிட்டு, பிறகு டி.ஐ. பக்கம் திருப்பினால் ரெசின் நீண்ட நாள் உழைக்கும். உள்ளே வருவது 40 என்றால் ரெசின் தீரும் வேகம், 10 வருவதைக் காட்டிலும் நான்கு மடங்கு. மெம்பரேன் தேறுகிறதா என்பதை அதற்குள் போகும் தண்ணீரின் எண்ணும் வெளிவரும் தண்ணீரின் எண்ணும் சொல்லும். 780 உள்ளே போய் 33 வெளியே வந்தால் ஏறக்குறைய 96 சதவீதம் தடுக்கப்படுகிறது. 90-க்குக் கீழே இறங்கினால் மெம்பரேனை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. ரெசினைப் பொறுத்தவரை, நிறம் மாறும் வகையை வாங்கி, நிறம் பெரும்பகுதி மாறியதும், அல்லது வெளிவரும் எண் 1 அல்லது 2 ஆனதும் மாற்றிவிடுங்கள். தீர்ந்துபோன ரெசின் பிடித்து வைத்திருந்ததில் முதலில் நழுவவிடுபவற்றுள் சிலிக்கா ஒன்று. மீட்டர் அதைக் காட்டாது என்பதால் ‘இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம்’ என்று இழுப்பது நல்லதல்ல.

எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரத் தொட்டி விளிம்பு வரை 190 லிட்டர் பிடிக்கும். பாறையும் மணலும் போக 160 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 12 லிட்டர் தரும் இயந்திரம் அதற்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும்; இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் கழிவு என்றாலும் 480 லிட்டர் சாக்கடைக்குப் போகும். தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்த ஊரில் அதை விட்டுவிட மனம் வராது. கழிவுக் குழாயை நீட்டிக் கழிவறை வாளிக்கும், வீடு துடைக்கவும், வண்டி கழுவவும் திருப்பலாம். செடிக்கு மட்டும் தினமும் ஊற்றாதீர்கள், அதில் உப்பு அதிகம்.

கடலிலிருந்தே எடுத்தால் என்ன?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும், அதில் தவறும் இல்லை. கடலோர இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் கடல்நீரைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அவை அதை மணல் பில்டரில் வடித்து, குளோரின் போட்டுக் கிருமி நீக்கி, பிறகு அந்தக் குளோரினை முறித்து, சோதித்த பின்பே தொட்டிக்குள் விடுகின்றன. மெரினாவில் இரண்டு கேனை அமுக்கி எடுத்து வருவது அதற்கு ஈடாகாது. மெரினாவின் வடக்கே கூவமும் தெற்கே அடையாறும் கடலில் கலக்கின்றன. எண்ணூர்ப் பக்கம் 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் எண்ணெய் பரவியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் சேர்ந்து கரையோர நீரின் உப்புத்தன்மையே குறைந்துவிடும்.

அப்படியும் எடுக்க விரும்புகிறவர்கள் ஆற்று முகத்துவாரம், துறைமுகம், மீன்பிடி இறங்குதளம் ஆகியவற்றுக்கு வெகுதொலைவில், மழையில்லாத மாதத்தில், முடிந்தால் படகில் சென்று ஆழமான இடத்தில் எடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மெல்லிய துணிப் பில்டரில் வடித்து, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, அடியில் படிந்ததை விட்டு மேல்நீரை மட்டும் எடுத்து, உப்புத்தன்மையையும் அம்மோனியாவையும் சோதித்த பிறகே பயன்படுத்தலாம். ராமேசுவரம், மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்கு இது நடைமுறைக்கு ஒத்துவரும். (தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பவளப் பாறையில் கை வைக்காதீர்கள், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது.) சென்னைவாசிக்கு, வாராவாரம் எடுத்துவரும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால், உப்புப் பொட்டலமே மலிவு என்பது என் கருத்து.

கலப்பதும் சேமிப்பதும்

உணவுப்பொருள் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக் டிரம்மை வாங்குங்கள். பழைய சந்தையில் கிடைக்கும் நீல டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பித்தளைக் குழாய், செம்புப் பாத்திரம், சோப்புப் பட்ட குவளை எதுவும் இந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது.

டிரம்மில் முதலில் தண்ணீரை நிரப்பி, ஒரு பவர் ஹெட்டை (நீருக்குள் வைத்துச் சுழலவிடும் சிறு பம்ப்) ஓடவிட்டு, உப்பைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் செறிவு அளவு மீறிக் கால்சியம் கார்பனேட் வெள்ளைப் படிவாக இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் கரையாது. லிட்டருக்கு 36 கிராம் அளவில் 160 லிட்டருக்கு 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஆகும் என்றாலும், உப்பு ஈரத்தை இழுத்திருந்தால் எடை ஏமாற்றும் என்பதால் உப்புத்தன்மை அளவியை வைத்தே முடிவு செய்யுங்கள். குறிக்கோள் ஆயிரத்துக்கு 35, அதாவது 25 பாகை செல்சியஸில் ஒப்படர்த்தி (சுத்த நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.026. பொட்டலத்தோடு இலவசமாக வரும் ஊசி ஹைட்ரோமீட்டரில் காற்றுக்குமிழ் ஒட்டினாலே அளவு மாறும். ஒளி விலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, அதை 35-க்கான திட்டக் கரைசலால் சரிபார்த்துக்கொள்வது மேல். ஒரு நாள் ஓடவிட்டுக் கண்ணாடிபோலத் தெளிந்த பிறகே தொட்டிக்கு மாற்றுங்கள். புதிதாகத் தொடங்கும்போது, உள்ளே எந்த உயிரும் இல்லாத அந்த ஒரே ஒரு முறை மட்டும், தொட்டியிலேயே நேரடியாகக் கலந்துகொள்ளலாம்.

அதன்பின் இரண்டு டிரம் எப்போதும் வேண்டும்: ஒன்றில் வாராந்திர மாற்றத்துக்கான 16 லிட்டர் உப்புநீர், இன்னொன்றில் ஆவியாதலை ஈடுகட்டும் உப்பில்லாத சுத்த நீர். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் மூடியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். தொட்டிக் கண்ணாடியின் பின்புறம், நிரப்பிய முதல் நாளில் நீர்மட்டம் இருந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். தினமும் காலையில் அந்தக் கோடு வரை இரண்டாவது டிரம்மிலிருந்துதான் ஊற்ற வேண்டும். நீங்கள் ஊருக்குப் போகும்போது சாவியை வாங்கிக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தக் கோட்டையும் அந்த டிரம்மையும் காட்டிவிட்டுப் போங்கள்.